தொங்கல் காம்பிராவின் முயல்கள்

நான் மாசமாக இருக்கிற செய்தி எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், பரவி ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் ஆறு பேர் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டார்கள்: முயலைக் கொடுத்துவிடு. வாந்தி இருக்கிறதா, சோறு இறங்குகிறதா என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் முயல்.

முதல் ஆள் பக்கத்துக் காம்பிரா, அதாவது பக்கத்து வீட்டு, பெரியம்மா. கொழுந்து நிறுத்துவிட்டு வந்தவர் இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் எங்கள் வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்தார். கூண்டைப் பார்த்தார், என் வயிற்றைப் பார்த்தார், மறுபடி கூண்டைப் பார்த்தார். "ஏன் புள்ள, காலையில எந்திரிச்சு இது மூஞ்சியிலதான முழிக்கிற? மாசமா இருக்கிறவ முயலப் பாத்துக்கிட்டே இருந்தா புள்ளைக்கு ஒதடு பொளந்து பொறக்கும். எங்க காலத்துல மலையில காட்டு முயல் குறுக்க ஓடுனாலே முகத்தத் திருப்பிக்குவோம்."

நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். இது அப்படியில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் பகலில் தெரிந்தது இராத்திரி இரண்டு மணிக்கு உதவிக்கு வருவதில்லை. தலைப்பிள்ளை. வீட்டுக்காரர் கொழும்பில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவைதான் வருவார். கூரைத் தகரத்தில் பனி சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு விடிய விடியக் கிடந்தேன்.

மறுநாள் புத்தகத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். குழந்தையின் மேலுதடு கர்ப்பத்தின் 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையில் ஒட்டிக்கொள்கிறது. முகத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் தசை வளர்ந்து வந்து நடுவில் சேரும். அந்தச் சேர்க்கை முழுமையாகாவிட்டால்தான் பிளவு. பரம்பரை, தாயின் சர்க்கரை வியாதி, புகைத்தல், சில மருந்துகள் என்று காரணங்கள் உண்டு. எதைப் பார்த்தோம் என்பதில் எதுவும் இல்லை. நான் கிளினிக்கில் பதிந்ததே பத்தாவது வாரத்தில். அப்படியே ஒரு பிள்ளை பிளவுடன் பிறந்தாலும் முதல் வருடத்துக்குள்ளேயே சத்திரசிகிச்சை செய்து உதட்டைச் சரிப்படுத்துகிறார்கள். பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன்: "பெரியம்மா, உதடு ஏற்கெனவே ஒட்டியாச்சு. இனி முயலால ஒன்னும் செய்ய ஏலாது." அவர் என் வயிற்றில் கையை வைத்து, "அப்ப சரி" என்றார். மனசார ஏற்றுக்கொண்டாரா தெரியாது. ஆனால் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த முயல்கள் எங்களிடம் வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. செப்டம்பரில், நுவரெலியா ரோட்டில் கேரட் தோட்டம் வைத்திருக்கிற ஒரு மாணவியின் அப்பா, ஒரு பிஸ்கட் பெட்டியில் இரண்டு குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டும் பொட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார். வெள்ளையாய்ச் சிவந்த கண்ணுடன் இருந்தது வெள்ளச்சி. காய்ந்த தேயிலைக் குச்சி நிறத்தில் இருந்தது செம்பி. மாமா, வீட்டுக்காரரின் அப்பா, பழைய கொழுந்துப் பெட்டிப் பலகையில் கூண்டு அடித்து இஸ்தோப்பில் வைத்தார்.

இங்கே வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முயலும் பிள்ளையும் பற்றி நான் தேடி வாசித்த அறிவுரைகளில் பாதி வேறு மாதிரி வீடுகளுக்கு எழுதப்பட்டவை. முயலுக்குத் தனி அறை ஒதுக்குங்கள், பிள்ளை அறைக்குள் விடாதீர்கள் என்று எழுதியிருந்தது. லயத்துக் காம்பிரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. எங்களுடையது லயத்தின் கடைசியில் இருக்கிற தொங்கல் காம்பிரா என்பதால் பக்கத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. மாமா அதில் ஒரு அறையும் குசினியும் இழுத்துக் கட்டியிருக்கிறார். அவ்வளவுதான் வீடு. பிள்ளை அறை, முயல் அறை என்றெல்லாம் பிரிக்க இங்கே சுவர் கிடையாது. ஆகவே எங்கள் கேள்வி வேறு: இருக்கிற இடத்தில் எதை எங்கே தள்ளி வைப்பது, எந்த வேலையை யார் செய்வது.

நாத்தனார் சொன்னதை மட்டும் நான் பெரியம்மா சொன்னதைப் போல ஒதுக்கவில்லை. அவருடைய மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. "ரோமம் பறக்கும் அண்ணி, நம்ம குடும்பத்துல இந்த வியாதி இருக்கு" என்றார். அது நியாயமான பயம். முயல் ஒவ்வாமையில் ரோமத்தைவிட முக்கியம் அதன் எச்சில், மூத்திரம், உதிர்கிற தோல் துகள். ரோமம் இவற்றைச் சுமந்துகொண்டு வீட்டுக்குள் வருகிறது. அதோடு மூத்திரம் தேங்கினால் அமோனியா வாடை. கூண்டுக்கு முன்னால் குந்தும்போது மூக்கு சுள்ளென்றால் தட்டைக் கழுவ நேரமாகிவிட்டது என்று அர்த்தம். பெரியவர்களுக்கே சுள்ளென்கிற இடத்தில் பச்சைப் பிள்ளையின் நெஞ்சு என்ன பாடுபடும்! இஸ்தோப்பில் கூண்டு இருந்தால் கதவு திறக்கும்போதெல்லாம் அந்தக் காற்று உள்ளேதான் வரும். கூண்டு இடம் மாறியே ஆக வேண்டும் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

ஜனவரி ஆரம்பத்தில் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். நான் ஒரு கொப்பியில் கேள்விகளை எழுதி வைத்திருந்தேன், எல்லாம் முயலைப் பற்றி. அவர் முதலில் கேட்டது: "பூனை இருக்கா?"

பூனையைக் கேட்டதற்குக் காரணம் டொக்ஸோபிளாஸ்மா என்கிற ஒட்டுண்ணி. கர்ப்பத்தில் புதிதாகத் தொற்றினால் அது குழந்தையின் மூளையையும் கண்ணையும் பாதிக்கலாம். அது முட்டையிட்டுப் பெருகுவது பூனையின் குடலில் மட்டும்தான். ஆகவே பரவுவது பூனையின் மலத்தில், அந்த மலம் கலந்த மண்ணில், சரியாக வேகாத இறைச்சியில். முயல் புழுக்கையில் அது வருவதில்லை. எங்கள் வீட்டில் பூனை இல்லை. ஆனால் லயத்தில் நாலைந்து பூனைகள் உண்டு, அவை மண்ணைக் கிளறிப் போகிற இடம் எங்கள் கீரைப் பாத்தி. நான் தினமும் வெறுங்கையால் முயலுக்குக் கேரட் இலை பிடுங்கியதும் அதே பாத்தியில்தான். எல்லாரும் கூண்டுக்குள் தேடிய ஆபத்து பாத்தியில் இருந்தது. அன்றைக்கே பாத்தி வேலை மாமாவிடம் போனது. எனக்கு ஒரு சோடி ரப்பர் கையுறை வந்தது. பச்சையாகத் தின்கிற வல்லாரையை மூன்று தண்ணீரில் கழுவ ஆரம்பித்தோம்.

அப்புறம் மிஸ் குசினிக்குள் வந்தார். மாமி அடுப்பில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். மிலாறு, கத்தரித்த தேயிலைக் குச்சி, எரிந்துகொண்டிருந்தது. கவ்வாத்து முடிந்த மலையிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது, இன்னும் சரியாகக் காயாதது. மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றார். கூரையைப் பார்த்தார். தகரம் கரேலென்று இருந்தது, சிலந்தி வலையெல்லாம் புகைக்கரி பிடித்துக் கயிறு மாதிரித் தொங்கியது. "முயலப் பத்தி ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கீங்க. இந்தப் புகையப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்ததும் இந்த மாதிரிக் குசினிக்குப் பக்கத்தில்தான். புகை எங்களுக்கு வீட்டின் ஒரு பகுதி, சுவர் மாதிரி. அதை யாரும் சந்தேகப்படுவதில்லை. வெளியிலிருந்து வந்த இரண்டு முயலைத்தான் சந்தேகப்பட்டோம். ஆனால் வீட்டுக்குள் அடைகிற விறகுப் புகையால் எடை குறைந்த பிள்ளைகள் பிறப்பதும், கைக்குழந்தைகளுக்கு நிமோனியா வருவதும் உலகம் முழுக்க ஆராய்ந்து நிறுவப்பட்ட விஷயம். நாத்தனார் மகனின் இழுப்புக்கும் அந்தக் குசினிக்கும் தொடர்பு இருக்குமோ என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். அவனும் கைக்குழந்தையாக அதே வீட்டில்தான் கிடந்தான்.

காஸ் வாங்கலாம் என்றால் மாமிக்கு நம்பிக்கையில்லை. 2022இல் வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்று நின்று திரும்பிய ஆள் அவர். "அடுப்பு என்னைக்கும் கைவிடாது" என்பார். அதையும் என்னால் தள்ள முடியவில்லை. பொங்கலுக்கு வீட்டுக்காரர் கொழும்பிலிருந்து வந்தபோது அப்பாவும் மகனுமாக மூன்று நாள் வேலை செய்தார்கள். அடுப்பை வெளிச்சுவர்ப் பக்கம் நகர்த்தி மேடை கட்டினார்கள். தகரத்தைச் சுருட்டிப் புகைக்குழாய் செய்து கூரைக்கு மேல் இரண்டடி தூக்கி விட்டார்கள். குசினிக்கும் அறைக்கும் நடுவில் இருந்த சாக்குத் திரைக்குப் பதிலாகப் பலகைக் கதவு வந்தது. மிலாறு நனையாமல் காய ஒரு தட்டியும் அடித்தார்கள். முதல் நாள் புகை குழாய் வழியாகப் போவதைப் பார்க்க மாமி வெளியே வந்து நின்றார். அதன் பிறகு அவருடைய காலை இருமல் குறைந்தது. அதை அவரே சொன்னார்.

அந்த மூன்று நாளில் மிஞ்சிய தகரத்திலும் பலகையிலும்தான் முயலுக்குப் புது இடம். வீட்டின் மேல்பக்கம், தொங்கல் சுவரை ஒட்டி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில். உயரம் நாய்க்காகவும் கீரிக்காகவும். மழை எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று பார்த்து அந்தப் பக்கத்தை முழுக்கப் பலகையால் அடைத்தார் மாமா. மலைநாட்டுக் குளிர் முயலுக்குப் பிரச்சினை இல்லை. உண்மையில் கொழும்பு வெயிலில் காதைப் பரப்பிக்கொண்டு மூச்சிரைக்கிற முயலைப் பார்த்தால் பாவமாக இருக்கும், இங்கே அவை சுகமாக வாழ்கின்றன. ஈரமும் ஊதல் காற்றும்தான் அவற்றுக்கு எமன். வைகாசி, ஆனியில் எங்கள் பக்கம் மழையும் காற்றும் சேர்ந்து சுவரையே நனைக்கும், கூண்டு எந்த மூலைக்கு! தரை முழுவதும் கம்பி வலையாக இருந்தால் பின்னங்காலில் புண் வரும். அதனால் பாதிக்குப் பலகை போட்டு, மேலே காய்ந்த மானாப் புல். கீழே மூத்திரம் விழ ஒரு தகரத் தட்டு. தட்டில் வெள்ளையாய்ப் படிகிற சுண்ணாம்பு, தேய்த்தால் போகாது. வினாகிரி ஊற்றி ஒரு மணிநேரம் விட்டால் தானாகப் பெயரும்.

கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்து மாமா ஒரு பழைய சட்டையைத் தொங்கவிட்டார். முயலைத் தூக்குவதென்றால், தட்டுக் கழுவுவதென்றால், யாராக இருந்தாலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். முடிந்ததும் கழற்றி ஆணியில் மாட்டி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, அப்புறம்தான் உள்ளே. தீனி ஒரு மூடியுள்ள தகர டின்னில். இரவில் மிச்சத் தீனி கிடக்கக் கூடாது, கிடந்தால் எலி வரும். எலி வந்தால் எலிக்காய்ச்சல் ஒரு பக்கம், எலியைத் தேடி வருகிற பாம்பு ஒரு பக்கம். எலிக்கு மட்டும் நான் உண்மையிலேயே பயந்தேன், இன்னும் பயப்படுகிறேன்.

புல்லைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் இதை எங்கள் மலையில் இருக்கிறவர்கள்தான் சொல்ல முடியும். முயலுக்குச் சாப்பாடு என்றால் கேரட் என்று நினைக்கிறார்கள். கேரட்டில் இனிப்பு அதிகம், ஒரு துண்டு போதும். அதன் பல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நாரான புல்லை மென்று மென்றுதான் பல்லும் தேய வேண்டும், குடலும் ஓட வேண்டும். புல் இங்கே எங்கும் இருக்கிறது. ஆனால் தேயிலைக்கு நடுவில் இருக்கிற புல்லை வெட்டக் கூடாது. எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரியாது. கிளைபோசேட் என்கிற களைக்கொல்லியை 2015இல் தடை செய்தார்கள், 2018இல் தேயிலைக்கும் ரப்பருக்கும் மறுபடி விட்டார்கள், பேர் மாறினாலும் மலையில் மருந்துத் தாங்கி முதுகேறாத வருடம் இல்லை. சந்தையில் கழித்துப்போட்ட கோவா (முட்டைக்கோஸ்) இலையும் அப்படித்தான், பூச்சிக்கு அடித்தது அதில் இருக்கும். உருளைக்கிழங்குச் செடி, தக்காளி இலை, பட்டர் புரூட் இலை மூன்றும் விஷம். ஆகவே மாமா ஆற்றோரம் வரை போய்க் கினிப்புல் வெட்டி வந்து, நிழலில் ஒரு நாள் வாட்டித்தான் போடுவார். வாலிபத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு இரவில் காட்டு முயல் வேட்டைக்குப் போன ஆள் அவர். இப்போது ஒரு சுமைப் புல்லைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மைல் நடக்கிறார். கேட்டால், "வாயில்லா சீவன்" என்பார், வேறு பேச்சு இல்லை.

மார்ச் மாதம் எனக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் விடியப் பார்த்து, நான்கு மணி இருக்கும், காலை உதறி நடக்கலாம் என்று வெளியே வந்தேன். டோர்ச் வெளிச்சத்தில் வெள்ளச்சி வாய் நிறையக் காய்ந்த புல்லைக் குறுக்காகக் கவ்விக்கொண்டு போவது தெரிந்தது. இரண்டு பக்கமும் மீசை மாதிரிப் புல் நீட்டிக்கொண்டிருந்தது. மூலையில் கொண்டுபோய் வைத்தது, மூக்கால் அழுத்தியது, மறுபடி வந்தது. அப்புறம் குனிந்து தன் நெஞ்சு ரோமத்தைத் தானே பிடுங்க ஆரம்பித்தது. ஒரு பிடி, இன்னொரு பிடி. தலையணைப் பஞ்சைப் பிய்ப்பது போன்ற மெல்லிய சத்தம். வலிக்கிற மாதிரித் தெரியவில்லை. பிள்ளை பெறுவதற்குச் சற்று முன்னால் அந்த ரோமம் தானாகவே தளர்ந்துவிடுமாம். பிடுங்கியது குட்டிக்கு மெத்தை. பிடுங்கிய இடத்தில் முலைக்காம்பு வெளியே தெரியும், பால் குடிக்க வசதி.

விடிந்து பார்த்தால் அந்த வெள்ளைப் பஞ்சுக் குவியல் மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. உள்ளே ஐந்து. பெருவிரல் அளவு, ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டியிருந்தது. அன்றைக்குத்தான் செம்பி பொட்டை இல்லை என்பது வெளிச்சமானது. குட்டியாக இருக்கும்போது ஆண் பெண் பார்ப்பது கஷ்டம், நிறையப் பேருக்கு இது நடக்கிறது. குட்டி போட்ட அன்றைக்கே பொட்டை முயல் மறுபடி சினைப்பட்டுவிடும், 31 நாளில் அடுத்த ஈற்று. அதனால் மாமா தேநீர்கூடக் குடிக்காமல் இன்னொரு கூண்டு அடிக்க உட்கார்ந்தார். செம்பி அன்று மத்தியானம் செம்பன் என்ற பெயருடன் தனிக்கூண்டுக்குப் போனான்.

மாமாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே ரோமத்தோடு, கண்ணைத் திறந்துகொண்டு பிறக்கும், புல் மறைவில் அசையாமல் படுத்திருக்கும், அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். இது வேறு சாதி என்றேன். வீட்டு முயலின் பூர்வீகம் ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்கிற முயல். வளைக்குள் பத்திரமாக இருப்பதால் குட்டி ஒன்றும் தெரியாமல் பிறக்கலாம். நம் தேயிலை மலையில் ஓடுகிறது வளை தோண்டாது.

அப்புறம் இரண்டு நாள் லயமே எங்கள் வீட்டில். வெள்ளச்சி குட்டிகளின் பக்கம் போகவே இல்லை, கூண்டின் மறுமூலையில் உட்கார்ந்து புல் தின்றுகொண்டிருந்தது. "தாய் ஒதுக்கிருச்சு" என்று பெரியம்மா அடித்துச் சொன்னார். ஒரு சின்னப் போத்தலில் பசும்பாலும் திரியும் கொண்டுவந்துவிட்டார். நான் கையைக் கழுவி ஒரு குட்டியை எடுத்து உள்ளங்கையில் மல்லாக்க வைத்துக் காட்டினேன். வயிறு உருண்டையாக இருந்தது. மெல்லிய தோலுக்குள் பால் வெள்ளையாகத் தெரிந்தது. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு தடவை, ஒரு சில நிமிஷம்தான் பால் கொடுக்கும், அதுவும் பெரும்பாலும் விடியாத நேரத்தில். மற்ற நேரம் தள்ளியே இருக்கும். தாய் பக்கத்தில் இருந்தால் அந்த வாடைக்குக் கொல்லுகிற மிருகம் வரும். விலகியிருப்பதுதான் அதன் பாதுகாப்பு. பெரியம்மா குட்டியின் வயிற்றைத் தன் சுண்டுவிரலால் தொட்டுப் பார்த்தார். கொழுந்து எடுத்து எடுத்துக் கறுத்துப் பிளந்த விரல் அது. போத்தலைத் திருப்பிக் கொண்டுபோனார்.

ஒரு குட்டி மூன்றாம் நாள் பஞ்சை விட்டு வெளியே உருண்டு, குளிரில் இறந்தது. மற்ற நான்கும் பத்தாம் நாள் பதினோராம் நாளில் கண் திறந்தன.

பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் பக்க வழக்கம். நானும் அதுவரை ஒரு துணி எடுத்து வைக்கவில்லை. வெள்ளச்சி கூடு கட்டிய அந்த வாரம் மாமாவின் இரண்டு பழைய வெள்ளை வேட்டியைக் கேட்டு வாங்கி, சுடுதண்ணியில் ஊறவைத்து, வெயில் கண்ட ஒரு நாள் காயப்போட்டு, சதுரம் சதுரமாகக் கிழித்து மடித்து வைத்தேன். புதிதாக வாங்கியதில்லை என்பதால் மாமியும் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் உட்கார்ந்து ஓரம் அடித்துக் கொடுத்தார்.

ஜூலையில், மழை பிடித்த ஒரு வாரத்தில், வலி வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். மகள், 2 கிலோ 900. முதல் நாள் வாட்டில் தாதி திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வி: பிள்ளை வெளிக்குப் போனதா? கருப்பாய்ப் பசை மாதிரிப் போகும் முதல் மலம், பாட்டிமார் காட்டுப்பீ என்பார்கள், அது ஒரு நாளுக்குள் போக வேண்டும். போனதும்தான் தாதியின் முகம் தெளிந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் போன் எடுத்தார், குரல் சரியில்லை. வெள்ளச்சி காலையிலிருந்து தின்னவில்லை, மூலையில் கூனிக்கொண்டிருக்கிறது என்றார். நான் கேட்ட முதல் கேள்வி: "தட்டுல புழுக்கை இருக்கா?" இல்லை. முதல் நாள் எல்லாரும் ஆஸ்பத்திரியில் நின்றதால் லயத்துப் பிள்ளைகள் ஆசையாக மழையில் நனைந்த கோவா இலையை ஒரு கூடை அள்ளிப் போட்டிருக்கிறார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. குடல் நின்றுவிட்டால் காற்று அடைத்து, ஒரு நாள் இரண்டு நாளில் உயிர் போய்விடும். பன்னிரண்டு மணிநேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தாலே அவசரம். அவர் ஓட்டோ பிடித்து டவுனில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். அவர் அந்த இராத்திரி முழுக்க ஆணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதன் வயிற்றைத் தடவிக்கொண்டே இருந்திருக்கிறார். விடிய ஐந்து மணிக்கு எனக்கு ஒரு செய்தி வந்தது: "ஏழு போட்டிருக்கு." பக்கத்துக் கட்டில் அக்கா என்ன ஏழு என்று கேட்டார். முயல் புழுக்கை என்று சொன்னேன். அந்த அக்காவுக்கும் கண் கலங்கிவிட்டது. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும்.

குட்டிகளில் இரண்டை அதற்கு முன்பே எட்டு வாரம் முடிந்ததும் என்னோடு படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி கொண்டுபோயிருந்தாள், இரண்டும் பொட்டை என்று இந்தத் தடவை வைத்தியரிடம் காட்டி உறுதிசெய்த பிறகு. மற்ற இரண்டு கேரட் தோட்டத்துக்கே திரும்பிப் போயின.

மகள் வீட்டுக்கு வந்த முதல் சில மாதம் நான் கூண்டுப் பக்கம் போகவில்லை. எனக்குச் சம்பளத்தோடு 84 வேலை நாள் பிரசவ லீவு, அவ்வளவு நாளும் முயல் வேலை மாமாவுடையது. இப்போது அவளுக்கு ஒன்பதாம் மாதம். தவழ்கிறாள், கையில் அகப்பட்டதை வாயில் போடுகிறாள். புழுக்கை உருண்டையாய், காய்ந்து, பார்க்க அழகாகவே இருக்கும், அவள் வயதுக்கு அது ஒரு மிட்டாய். ஆகவே முயல் இஸ்தோப்புக்கு வருவதில்லை, அவள் கூண்டடிக்குப் போவதில்லை. பக்கக் கதவில் ஒன்றரை அடிப் பலகை ஒன்று குறுக்கே இருக்கிறது. நான் அவளை மடியில் வைத்துப் பலகைக்கு இந்தப் பக்கம் உட்காருவேன், மாமா வெள்ளச்சியை மடியில் வைத்து அந்தப் பக்கம் உட்காருவார். அவளிடம் முயலைக் கொடுப்பதில்லை, இன்னும் ஐந்தாறு வருடத்துக்குத் தூக்க விடப் போவதுமில்லை. முயலின் எலும்பு லேசானது. பிடித்த பிடியில் அது பயந்து பின்னங்காலை உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும், நகம் பிள்ளையின் கண்ணில் படும். செம்பன் எதையாவது கேட்டுப் பயந்து காலால் பலகையை டொக்கென்று அடிப்பான். அவள் உடனே இந்தப் பக்கத்திலிருந்து உள்ளங்கையால் கதவுப் பலகையை அடிப்பாள். அவன் மறுபடி அடித்தால் இவளும் மறுபடி.

நாத்தனாருக்கு இன்னும் முழு நிம்மதி இல்லை. வரும்போதெல்லாம் பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்கிறார். நான் தடுப்பதில்லை, நானும் இராத்திரியில் அதைத்தான் செய்கிறேன். இழுப்பு வந்தால், அதுவும் முயலால் என்று டொக்டர் சொன்னால், அன்றைக்கே இரண்டையும் கேரட் தோட்டத்துக்கு அனுப்புவதென்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். அது எனக்கு லேசான முடிவு அல்ல. ஆனால் பிள்ளையின் மூச்சுக்கு முன்னால் அதில் பேச ஒன்றுமில்லை. இதுவரை அப்படி ஒன்றும் வரவில்லை.

போன கிழமை குட்டி கொண்டுபோன தங்கச்சி பேசினாள். அவளுக்கு இப்போது நாலாம் மாதம். "டீச்சர், எல்லாரும் முயலக் குடுத்திரச் சொல்றாங்க" என்றாள். கூண்டு எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். குசினிக்குப் பக்கத்திலாம். அடுப்பு எப்படி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, புகைதான் என்றாள்.

சனிக்கிழமை நாங்கள் அவள் வீட்டுக்குப் போகிறோம். மாமா அளவு டேப்பைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். மிச்சத் தகரம் எவ்வளவு இருக்கிறது என்று கூரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார்.